எத்தனை பேரில் பத்து?

இது நீளமான பதிவு. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. ஏதோ ஒரு வேர்ப்பொடி. சர்க்கரை, மூட்டுவலி, ஆஸ்துமா, தைராய்டு எல்லாம் ஒரு மண்டலத்தில் போய்விடுமாம். பத்துப் பேர் வரிசையாக வந்து "எனக்குச் சரியாச்சு" என்று சொல்கிறார்கள். நான் கீழே ஒரே ஒரு கேள்விதான் எழுதினேன்: "எத்தனை பேரில் பத்து?"

அதற்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "கண்ணால் பார்த்ததையே நம்ப மாட்டீங்களா டீச்சர்?" என்றான் ஒருவன். "புள்ளிவிவரம் எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் சமைக்கிறது" என்றாள் ஒருத்தி. உறவுக்காரர் ஒருவர் தனியாகப் போன் செய்து, "டீச்சர் ட்ரெயினிங் படிச்சிட்டு டாக்டருக்கும் வைத்தியருக்கும் பாடம் எடுக்காதே" என்று புத்தி சொன்னார்.

கடைசியாகச் சொன்னவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், நான் படித்தது இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் பாடம் எடுத்ததும் இல்லை. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு எட்டாம் வகுப்பே அதிகம். ஐந்தாம் வகுப்புப் பின்னம் போதும். பத்து என்பது தொகுதி. பகுதி எங்கே என்று கேட்டேன். இருபது பேர் சாப்பிட்டு அதில் பத்துப் பேருக்குச் சரியானதா? பத்தாயிரம் பேர் சாப்பிட்டுப் பத்துப் பேருக்கா? கோட்டுக்குக் கீழே எதுவும் எழுதாமல் பின்னம் என்று நோட்டை நீட்டிய எவனுக்கும் நான் மார்க் போட்டதில்லை. இப்போது மட்டும் ஏன் போட வேண்டும்?

காணொளியில் இருந்த எண்ணுக்கே கூப்பிட்டுப் பார்த்தேன். "இதுவரை எத்தனை பேர் வாங்கியிருக்காங்க தம்பி?" என்றேன். "லட்சக்கணக்குல வாங்கியிருக்காங்கம்மா" என்றது பெருமையாக ஒரு குரல். "அதுல பத்துப் பேரைத்தான் காட்ட முடிஞ்சுதா?" என்றேன். இரண்டு பாட்டில் வாங்கினால் ஒன்று இலவசம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சரி, பகுதியும் கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். நூறு பேரில் எண்பது பேருக்குச் சரியானது. அப்போதும் கணக்கு பாதிதான். மருந்து சாப்பிடாத நூறு பேரில் எத்தனை பேருக்குச் சரியானது? சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று நம் பெரியவர்கள் கேலியாகச் சொல்வார்களே, அதுதான் இந்த இரண்டாவது கணக்கு. மூட்டுவலியும் அப்படித்தான், ஒரு வாரம் உயிரை எடுக்கும், அடுத்த வாரம் தானே குறையும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது வைத்தியரைத் தேடிப் போகிறோம். உச்சத்தில் இருந்து இறங்கத்தான் செய்யும். இறங்கும்போது கையில் எந்தப் பாட்டில் இருக்கிறதோ அதற்குப் புகழ்.

இந்தச் சின்ன உண்மையை மருத்துவ உலகத்துக்குள் கொண்டுபோக, நாடியே பிடிக்காத ஒரு மனிதர் தேவைப்பட்டார். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருத்துவப் புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். அவர் டாக்டர் இல்லை. டாக்டராக ஆசைப்பட்டவர். முதல் உலகப் போரில் விமானியாகப் போன இடத்தில் காசநோய் தாக்கி, பிழைக்க மாட்டார் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். வருஷக்கணக்கில் படுக்கை. மருத்துவம் படிக்க உடம்பு இடம் கொடுக்காததால் படுத்துக்கொண்டே அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கினார். ("டிகிரி எதுல?" என்று கேட்கும் நம் உறவுகள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.)

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதிய மருந்து அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று பேச்சு. போரில் நொடித்துப்போன பிரிட்டனிடம் அதை வாங்க டாலர் இல்லை. கிடைத்தது கொஞ்சம்தான். யாருக்குக் கொடுப்பது? டாக்டர் கையில் விட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நல்ல டாக்டர் என்றால் பிழைக்க வாய்ப்புள்ள இளம் நோயாளிக்குக் கொடுப்பார்; அல்லது மிக மோசமாக இருப்பவர் மேல் இரக்கப்பட்டு அவருக்குக் கொடுப்பார். இரண்டும் நல்ல மனசுதான். ஆனால் இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். முதல் வகையில் மருந்து உண்மையைவிட நல்லதாகத் தெரியும். இரண்டாவதில் மோசமாகத் தெரியும். ஒருவர் விட்டு ஒருவர் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாமே என்பீர்கள். அதிலும் ஓட்டை உண்டு. அடுத்த முறை மருந்து என்று டாக்டருக்குத் தெரிந்தால், யாரை இன்று சேர்ப்பது, யாரை நாளை சேர்ப்பது என்று அவரை அறியாமலே கை போகும்.

ஹில் செய்தது இதுதான். நோயாளியைச் சேர்ப்பதா இல்லையா என்று முதலில் முடிவு. பிறகு ஒட்டிய உறை ஒன்று. அதற்குள்ளே சீட்டு. அந்தச் சீட்டில் மருந்தும் படுக்கை ஓய்வுமா, வெறும் படுக்கை ஓய்வா என்பது குலுக்கல் எண்களை வைத்து முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். டாக்டரின் அன்பு, பயம், சிபாரிசு, சாதி, காசு எதுவும் அந்த உறைக்குள் நுழைய முடியாது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மார்க் போட்டவர்களுக்கு எந்தப் படம் யாருடையது என்று சொல்லவில்லை. பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயரை மறைத்து டம்மி நம்பர் போட்டுத் திருத்துகிறோமே, அதே முறை. நமக்குத் தேர்வில் புரிந்த நியாயம் மருந்தில் ஏன் புரியவில்லை?

107 நோயாளிகள். 55 பேருக்கு மருந்து. 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 4 பேர். பெறாதவர்களில் 14 பேர். 1948 அக்டோபரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. கொஞ்ச நாளில் வேறொன்றும் தெரிந்தது: ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது, முதலில் தேறியவர்களில் பலர் பிறகு சரிந்தார்கள். அதையும் அதே ஆட்கள்தான் எண்ணி எழுதினார்கள். வேர்ப்பொடிக்காரர் ஐந்து வருஷம் கழித்துத் தன் பத்துப் பேரையும் போய்ப் பார்த்து எழுதுவாரா? அடுத்த ஆய்வில் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து அந்தச் சிக்கலைத் தாண்டினார்கள். இன்று காசநோய்க்கு ஒரே மருந்தை யாரும் தனியாகக் கொடுக்காததற்கு இதுதான் காரணம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை டீச்சர்" என்று இந்நேரம் ஒருவன் தட்டச்சு செய்துகொண்டிருப்பான். தம்பி, கையை எடு. சென்னை சேத்துப்பட்டுக்கு வா.

தாம்பரத்தை அடுத்து மின்சார ரயில் நிற்கும் இடத்துக்கு ஏன் சானடோரியம் என்று பெயர் தெரியுமா? காசநோய் வந்தால் ஊரைவிட்டு ஒதுக்கி, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு என்று வைத்திருந்த ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. 1950களில் நம் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். அதாவது பெரும்பாலோர் வரிசையில் நின்றே சாக வேண்டியதுதான். அப்போது மாத்திரைகள் வந்துவிட்டன. வீட்டிலேயே வைத்துக் கொடுத்தால் என்ன என்று கேள்வி எழுந்தது. அனுபவசாலிகள் பயந்தார்கள். குடிசையில், பாதி வயிற்றுச் சாப்பாட்டில், ஒரே அறையில் குழந்தைகளோடு படுத்துக்கொண்டு காசநோய் குணமாகுமா? குடும்பத்துக்கே தொற்றிவிடாதா? நியாயமான பயம். அனுபவம் அப்படித்தான் சொன்னது.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் மருந்தாய்வு மையம் திறந்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் தலைமை. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறுபாதி வீட்டுக்கு. மாத்திரை இருவருக்கும் ஒன்றே. ஒரு வருஷ முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92. வீட்டில் நூற்றுக்கு 86.

"ஆறு குறையுதே டீச்சர்?" கேட்க வேண்டிய கேள்வி, கேட்டவர் வாழ்க. ஒரு ரூபாய் நாணயத்தை நூறு தடவை சுண்டிப் பாருங்கள். சரியாக 50 தலை விழுவது அபூர்வம். 44 விழும், 56 விழும். நாணயத்தில் கோளாறு இல்லை; தற்செயல் அப்படித்தான் ஆடும். ஒரு பக்கத்துக்கு நூறுக்கும் குறைவான ஆட்கள் என்றால், இந்த ஆறு என்பது ஆறு மனிதர்கள். இரண்டு இடமும் சமமாக இருந்தாலே இவ்வளவு வித்தியாசம் சாதாரணமாக விழும். தற்செயல் எவ்வளவு ஆடும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பதுதான் புள்ளியியல் என்ற படிப்பே. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக ஏறினார்கள். அப்படியிருந்தும் நோய் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள், அப்போதும் இல்லை. வீட்டில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பே தொற்ற வேண்டியவர்களுக்குத் தொற்றிவிட்டிருந்தது.

1959-ல் இந்த முடிவு வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூட ஆரம்பித்தன. 1962-ல் இந்தியா தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நம்பியே எழுப்பப்பட்டது. சேத்துப்பட்டிலிருந்து புறப்பட்ட கணக்கு அது. முப்பது வருஷத்துக்கு மேல் நான் கையில் பிடித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைப் பார்த்ததில்லை. அந்த 193 பேரும் அவர்கள் வீட்டுக்காரர்களும் இந்த ஊர் ஜனங்கள், நமக்கே தெரியாது. வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். நம் உறவில் ஒருவர். யார் என்று கேட்காதீர்கள். தெரிந்தவர்களும் கீழே பெயர் எழுதாதீர்கள். அவருக்குக் காசநோய் வந்தது. அரசு மாத்திரை, இலவசம். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, முகம் தெளிந்தது. அதே சமயம் யாரோ ஒரு லேகியத்தையும் அனுப்பி வைத்தார்கள். தேறியது மாத்திரையால், பேர் வாங்கியது லேகியம். "இவ்வளவு மாத்திரை ஈரலுக்குக் கெடுதல்" என்று யாரோ சொல்ல, மாத்திரையை நிறுத்தினார். லேகியக்காரர்கள் வீட்டுக்கே வந்து பேட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். சில மாதங்களில் நோய் திரும்பியது. இந்தத் தடவை வழக்கமான மாத்திரைக்கு அடங்காத கிருமி. சிகிச்சை நீண்டது, காது கேட்பது குறைந்தது, வேலை போனது. அந்தப் பேட்டி இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் அவர் சிரித்துக்கொண்டே, "எனக்குச் சரியாச்சு" என்கிறார். நோய் திரும்பிய பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை.

"கண்ணால் பார்த்ததை நம்ப மாட்டீங்களா" என்று கேட்ட தம்பிக்கு இதுதான் பதில். நீ பார்த்தது இரண்டாம் மாதம். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்ற கணக்கு எவர் வாய்க்கும் வந்தபடி சொன்னது அல்ல. அதற்கு முன்னால் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் சாப்பிட வேண்டியிருந்தது. 1970களில் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நம் சென்னையிலும் குலுக்கல் முறையில் ஆய்வு நடத்தி, புதிய மருந்துக் கூட்டில் எத்தனை மாதத்துக்குக் குறைத்தால் எத்தனை பேருக்கு நோய் திரும்புகிறது என்று ஆள் ஆளாக எண்ணிப் பார்த்துக் குறைத்த காலம் அது. இருமல் நின்ற மாதத்தை அவர்கள் எண்ணவில்லை. நோய் திரும்பியதை எண்ணினார்கள். இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது அந்த மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தாதீர்கள். லேகியம் அனுப்பியவரை என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

மருந்துக் கம்பெனி சமைக்கிறது என்று சொன்ன மகளே, உன் சந்தேகம் முழுக்கத் தப்பில்லை. கம்பெனிகள் தங்களுக்குச் சாதகமான ஆய்வை வெளியிட்டு, பாதகமானதை மேஜைக்குள் பூட்டி வைத்தது உண்மை. ஆனால் அதைக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டது யார்? இதே எண்ணுகிற ஆட்கள்தான். அதனால்தான் ஆய்வு ஆரம்பிக்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்று விதி வந்தது; இந்தியாவிலும் 2009 முதல் மருந்து ஆய்வுகளுக்கு அது கட்டாயம். திருட்டைக் கண்டுபிடிக்கத் தராசு வேண்டும். தராசே வேண்டாம் என்றால் கடைக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்.

அரசாங்கமே நம்பிய மருந்தையும் இந்தத் தராசு விட்டதில்லை. பி.சி.ஜி. ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்று 1968 முதல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் சுற்று வட்டாரத்தில், ஏறக்குறைய 2 லட்சத்து 60 ஆயிரம் பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. சிலருக்கு மருந்து, சிலருக்கு வெற்று ஊசி. எது யாருக்கு என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. எங்கள் அம்மா வழி ஊர் அந்தப் பக்கம்தான். 1979-ல் முடிவு வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. எத்தனை பெரிய ஏமாற்றம்! மறைத்தார்களா? இல்லை, உலகத்துக்கே சொன்னார்கள். (உடனே பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி.யை நிறுத்திவிடாதீர்கள். மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயிலிருந்து அது பிள்ளைகளைக் காக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் தெரிந்தது. அதற்காகத்தான் போடுகிறார்கள்.) தங்கள் சரக்கு வேலை செய்யவில்லை என்று தாங்களே அறிவித்த ஒரு வேர்ப்பொடிக் கம்பெனியை எனக்குக் காட்டுங்கள், அடுத்த மாதமே வாங்குகிறேன்.

நாட்டு மருந்துக்கு நான் எதிரி என்று ஒரு புரளி ஓடுகிறது. காய்ச்சல் வந்தால் கஷாயம் குடிக்கிறவள்தான் நான். சீனாவின் தூ யூயூ தன் நாட்டுப் பழைய மருத்துவ நூல்களைத் தேடி, ஒரு மூலிகையிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்து, சோதித்துக் காட்டி 2015-ல் நோபல் பரிசு வாங்கவில்லையா? எண்ணிப் பார்த்ததால் அந்த மூலிகைக்கு என்ன குறைந்துவிட்டது?

அடுத்து மழை. நம் ஆட்களுக்கு வானிலை ஆய்வு மையம் என்றாலே சிரிப்பு. ரமணன் அவர்களை வைத்து எத்தனை கேலி! பள்ளி விடுமுறைக்காக அவர் முகத்தையே டி.வி.யில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நீங்கள்தான், மறந்துவிட வேண்டாம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பிறகு, பருவமழை பொய்க்குமா என்று முன்கூட்டியே சொல்லும் தேவை வந்தது. 1904-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். அவரும் மேகம் பார்த்தவர் இல்லை. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். பூமராங் எறிவதில் பைத்தியம். அவர் செய்த முதல் காரியம் எண்ணியது. உலகம் முழுக்க உள்ள காற்றழுத்தம், மழை, வெப்பம் எல்லாவற்றையும் வரிசை வரிசையாக எழுதவைத்து, எதோடு எது சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று குமாஸ்தாக்களை வைத்து ஆண்டுக்கணக்கில் பெருக்கிக் கூட்டினார். பசிபிக் கடல் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, ஏற்றப்பலகை மாதிரி. 1924-ல் அதற்குத் தென் அலைவு என்று பேர் வைத்தார். இன்று டி.வி.யில் எல் நினோ என்று சொல்கிறார்களே, அதன் மறுபாதி அதுதான்.

அந்த மனிதர் சொன்ன ஒரு விஷயத்துக்காகவே அவரைக் கும்பிடுவேன். நூறு இடத்தில் பொருத்தம் தேடினால், எந்தச் சம்பந்தமும் இல்லாமலே ஒன்றிரண்டு நன்றாகப் பொருந்தும். ஆகவே தேடிப் பிடித்த பொருத்தத்தை அப்படியே நம்பக்கூடாது, எத்தனை இடத்தில் தேடினாய் என்பதையும் கணக்கில் சேர் என்று அன்றே எழுதினார். ஜோசியமும் அப்படித்தான் பலிக்கிறது. நூறு சொன்னால் நாலு பலிக்கும். அந்த நாலைத்தான் ஊர் பேசும். பஞ்சாங்கம் எங்கள் வீட்டிலும் தொங்குகிறது. அதில் சொன்ன மழை தப்பிய நாட்களை யாராவது நோட்டில் குறித்து வைத்திருக்கிறீர்களா? வானிலைத் துறை குறித்து வைத்தது. 2002-ல் பருவமழை சராசரியில் 101 சதவீதம் இருக்கும் என்றார்கள், பெய்தது 81. பெரிய தோல்வி. 1988 முதல் வைத்திருந்த கணக்கு முறையைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த வருஷமே புது முறைக்குப் போனார்கள். தோற்றேன் என்று ஒத்துக்கொள்ளும் ஜோசியரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இடையில் இன்னொன்று. 1913-ல் சென்னைக்கு வந்த இந்த வாக்கரிடம்தான் துறைமுகக் குமாஸ்தா ஒருவருடைய கணக்கு நோட்டைக் காட்டினார்கள். பார்த்தவர் உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்தக் குமாஸ்தா நம் ராமானுஜன். பட்டம் இல்லாதவர் என்று அப்போதும் யாராவது முணுமுணுத்திருப்பார்கள்.

"60 சதவீதம் மழைன்னான், பெய்யவே இல்லை, பொய்" என்று போனைத் தூக்கிப் போடுகிறவர்களே, நூறு சதவீதம் என்று சொல்லியிருந்தால்தானே பொய்? ஒரு நாளை வைத்து அதைத் திருத்த முடியாது. ஒரு காலண்டரை எடுத்து, 60 என்று சொன்ன நாட்களுக்கெல்லாம் புள்ளி வையுங்கள். அப்படிப் பத்து நாள் வந்தால் ஏறக்குறைய ஆறில் பெய்திருக்க வேண்டும். பத்திலும் பெய்தால்தான் அந்த ஆள் தப்பு! இது புரிந்தால் நெல் காயப்போடுவதா, மண்டபத்துக்குக் கூரை போடுவதா என்று முடிவு செய்யத் தெரியும்.

டாக்டர்களுக்கும் இந்தக் கணக்கு தகராறுதான். அவர்களைத் தெய்வமாக்குகிறவர்கள் இதையும் கேளுங்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். நோய் இல்லாதவரில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தவறாக இருக்கிறது என்று காட்டும் சோதனை. ஒருவருக்கு இருக்கிறது என்று முடிவு வந்தால், உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஆஸ்பத்திரிகளில் 60 பேரிடம் கேட்டதை 1978-ல் எழுதியிருக்கிறார்கள். பலரும் 95 சதவீதம் என்றார்கள். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். ஆயிரம் பேரைச் சோதித்தால் உண்மை நோயாளி ஒருவர். பொய்யாக மாட்டுபவர்கள் ஐம்பது பேர். 51-ல் ஒன்று, அதாவது ஏறக்குறைய 2 சதவீதம். கல்யாண நாளுக்குக் கணவனும் மனைவியும் எழுபது சோதனை கொண்ட மாஸ்டர் செக்கப் பேக்கேஜ் பரிசளித்துக்கொள்கிறீர்களே, எந்த அறிகுறியும் இல்லாமல் எழுபது தூண்டில் போட்டால் ஏதாவது ஒன்று சிக்காமல் இருக்குமா? சிக்கியதும் ஸ்கேன், அடுத்த ஸ்கேன், தூக்கமில்லாத ராத்திரி. டாக்டர் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். தள்ளுபடிக்கு வந்த சோதனையை விடுங்கள்.

பல்கலைக்கழகத்துப் புள்ளியியல்காரர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. இத்தனை உயிரைக் காப்பாற்றிய விஷயத்தை ஊர் பாஷையில் ஒரு வரி சொல்ல மாட்டேன் என்கிறீர்களே ஐயா! நீங்கள் ஆங்கில இதழில் எழுதி அடுக்கி வைக்கும் நேரத்தில் வேர்ப்பொடிக்காரன் நல்ல தமிழில், நல்ல பின்னணி இசையோடு வீட்டுக்குள் வந்துவிட்டான்.

பள்ளியும் குறைந்ததில்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் புள்ளியியலும் நிகழ்தகவும் கடைசிப் பாடம். மார்கழி முடிந்து திருப்புதல் தேர்வு நெருக்கும்போது அது வரும். திட்ட விலக்கத்துக்குச் சூத்திரம், ஒரு கணக்கு, ஐந்து மார்க், முடிந்தது. வாழ்நாள் முழுக்க வேண்டிய பாடத்தை வண்டி கிளம்பும் அவசரத்தில் ஏற்றுகிறோம்.

இந்த வருஷம் நம் குடும்பத்தில் ஒரு பெண் பிளஸ் டூ-வில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். பி.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன் என்கிறாள். "கம்ப்யூட்டர் கிடைக்கும்போது இது எதுக்கு? மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்றது?" என்று பெரியவர்கள் பஞ்சாயத்து வைத்தீர்கள். அவள் விண்ணப்பத்தை என் பக்கத்தில் உட்காரவைத்து நிரப்பிக் கொடுத்தது நான்தான். பணமும் கட்டியாகிவிட்டது. திட்டுவதென்றால் என் வீட்டுக்கு வந்து திட்டுங்கள், காப்பி போட்டு வைக்கிறேன். அவளை விட்டுவிடுங்கள்.